தாடைத் தட்டில் பூஞ்சை பிடித்தால்: புதிதாக ஸ்பிளின்ட் போடுகிறவர்களுக்கு

ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக் கரண்டியை விட்டால் என்ன ஆகும் என்று நம் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாலு நாளில் மேலே வெள்ளையாகப் பூசணம் பூத்திருக்கும். தாடை வலிக்காக ராத்திரியில் பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் தட்டுதான் ஸ்பிளின்ட். அதன் விஷயத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை. ராத்திரி முழுக்க வாயில் இருந்ததைக் காலையில் குழாயடியில் ஒரு அலசு அலசுவேன். சொட்டச் சொட்ட டப்பாவில் போட்டு, இறுக்கி மூடி, குளியலறை அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவேன். எட்டு மாதம் இப்படியே ஓடியது.

நான் இருப்பது கடலூர்ப் பக்கம். ஐப்பசி மழையில் துவைத்த துணியே மூன்று நாளைக்குக் காயாத ஊர். அந்த மழைக்காலத்தில்தான் ஸ்பிளின்ட்டின் கடைவாய்ப் பள்ளங்களில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகளைப் பார்த்தேன். அதற்குச் சில வாரம் முன்பிருந்தே ரசம் குடித்தால் அண்ணம் எரிந்துகொண்டிருந்தது. காரம் கூடிவிட்டது என்று நினைத்து மிளகைக் குறைத்தேன். எரிச்சல் குறையவில்லை.

ஸ்பிளின்ட் செய்து கொடுத்த இடத்தில் போடுவது எப்படி, கழற்றுவது எப்படி என்று காட்டினார்கள். கழுவுவது பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு வேறொரு பல் டாக்டரிடம் போனேன். வாயைப் பார்த்து முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "டப்பாவைக் கொண்டு வந்திருக்கீங்களாம்மா?" கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். மழைக்காலத்துச் சுவர் அலமாரியைத் திறந்தால் வருமே, அந்த வாடை. பிரச்சினை ஸ்பிளின்ட்டில் மட்டும் இல்லை, அது பகல் முழுக்கக் கிடக்கும் இடத்தில் இருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. எனக்கு யாரும் சொல்லாததை உங்களுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கையில் இருப்பது எந்த வகை?

கழுவும் முறை பொருளைப் பொறுத்து மாறும். அதனால் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். தாடை மூட்டு வலிக்கும், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதற்கும் கொடுப்பதில் நாம் அதிகம் பார்ப்பது கண்ணாடி போன்ற கெட்டியான அக்ரிலிக் தட்டு. மேல்வரிசைப் பற்கள் முழுவதையும் மூடும்படி செய்தால் அதை மிச்சிகன் ஸ்பிளின்ட் என்பார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான வடிவம் அது. ரப்பர் மாதிரி வளையும் மெத்தென்ற வகை இன்னொன்று. உள்ளே மெத்தென்றும் வெளியே கெட்டியாகவும் இரண்டு அடுக்காக வருவதும் உண்டு. இப்போது 3டி பிரிண்டரில் அச்சிட்டும் தருகிறார்கள். உங்களுடையது எது என்று தெரியவில்லை என்றால் செய்துகொடுத்தவரிடமே கேளுங்கள். அதில் கம்பிக் கொக்கி ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பூஞ்சை எளிதாகப் பிடிப்பது மெத்தென்ற வகையில்தான். அந்தப் பொருளில் நுண்துளைகள் அதிகம், சீக்கிரம் தேயும், பாலிஷ் போடவும் முடியாது. இரண்டு அடுக்கு வகையில் ஓரம் லேசாகப் பிரிந்தால் நடுவில் ஈரம் புகுந்துவிடும். அங்கே எந்தப் பிரஷ்ஷும் எட்டாது. கெட்டி அக்ரிலிக் இவற்றைவிடப் பரவாயில்லை, அதன் வழவழப்பு போகாத வரைக்கும்.

அந்த அக்ரிலிக்கும் பொய்ப்பல் செட்டின் அடித்தட்டும் ஒரே குடும்பம். இதில் நமக்கு ஒரு லாபம் இருக்கிறது. பொய்ப்பல் போடுகிறவர்களின் அண்ணத்தில் பூஞ்சையால் வரும் சிவப்பைப் பல் மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகப் பார்த்து வருகிறார்கள். 1962-லேயே நியூட்டன் என்பவர் அதை மூன்று வகையாகப் பிரித்து எழுதிவிட்டார். பொய்ப்பல்லில் படித்த பாடம் பெரும்பாலும் நம் தட்டுக்கும் பொருந்தும்.

பூஞ்சை எங்கிருந்து வருகிறது

பெரும்பாலும் வெளியிலிருந்து இல்லை, நம் வாயிலிருந்தே வருகிறது. கேண்டிடா என்ற பூஞ்சை, ஆரோக்கியமாக இருக்கிற பெரியவர்களிலேயே சுமார் 30 முதல் 50 சதவீதம் பேர் வாயில் ஒரு தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. உமிழ்நீர் அதை அலசிக்கொண்டே இருக்கும். மற்ற நுண்ணுயிரிகள் அதற்கு இடம் விடாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் ஒரு கண் வைத்திருக்கும்.

தூங்கும்போது உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அந்த நேரம் பார்த்து நாம் ஒரு தட்டை மாட்டி, பல்லுக்கும் ஈறுக்கும் வருகிற கொஞ்ச உமிழ்நீரையும் தடுத்துவிடுகிறோம். தட்டுக்கு அடியில் கதகதப்பு, ஈரம், கொஞ்சம் புளிப்பு. கேண்டிடாவுக்கு அது மிகவும் பிடித்த சூழல்.

கேண்டிடாவின் ஒரு செல் சுமார் 5 மைக்ரான் இருக்கும். தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் போல என்று வைத்துக்கொண்டால் அளவு புரியும். நம் கண்ணுக்கே தெரியாத கீறல் அதற்கு ஒரு பள்ளத்தாக்கு. பரப்பின் சொரசொரப்பு சராசரியாக 0.2 மைக்ரானைத் தாண்டினால் அழுக்குப் படலம் பிடிப்பது கூடுகிறது என்பது பல் மருத்துவத்தில் பரவலாக ஏற்றுக்கொண்ட கணக்கு. தட்டைப் பேஸ்ட் போட்டுத் தேய்க்காதீர்கள் என்று டாக்டர்கள் படித்துப் படித்துச் சொல்வது இதனால்தான்.

ஒட்டிய பூஞ்சை அப்படியே இருந்துவிடாது. தன்னைச் சுற்றிப் பிசின் மாதிரி ஒன்றைச் சுரந்து, இழை இழையாக நீண்டு, ஒரு படலமாகிவிடும். படலமான பிறகு மருந்தும் உள்ளே இறங்கத் திணறும். இதை அக்ரிலிக் துண்டுகள் மேலேயே ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். முதல் 11 மணி நேரத்துக்குள் ஒட்டிக்கொண்டு சின்னச் சின்னக் கூட்டமாகிறது. 38 முதல் 72 மணி நேரத்தில் படலம் முதிர்ந்துவிடுகிறது. இதை நம் வழக்கத்தோடு வைத்துப் பாருங்கள். ராத்திரி எட்டு மணி நேரம் வாயில், பகலில் பதினாறு மணி நேரம் ஈர டப்பாவில். தேய்க்காமல் விட்ட ஒவ்வொரு நாளும் படலத்துக்கு ஒரு முழு நாள் கிடைக்கிறது. தினமும் காலையில் தேய்த்துக் காயவைத்தால் அது ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

தினமும் செய்ய வேண்டியது

ராத்திரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பாதி வேலை அங்கேதான் இருக்கிறது.

தட்டை மாட்டுவதற்கு முன் பல் துலக்குங்கள். நாக்கையும் வழியுங்கள், கேண்டிடாவுக்கு நாக்கு ஒரு பெரிய பாய் மாதிரி. துலக்கிய பிறகு தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். நம்மில் பலருக்குப் படுக்கப் போகும்போது சர்க்கரையோ பனங்கற்கண்டோ போட்டுப் பால் குடிக்கும் பழக்கம் உண்டு. அதைக் குடித்துவிட்டு அப்படியே தட்டை மாட்டினால் இனிப்பைப் பல்லுக்கும் தட்டுக்கும் நடுவில் அடைத்துவைத்ததாக ஆகிவிடும். கேண்டிடா அக்ரிலிக்கில் ஒட்டிக்கொள்ளச் சர்க்கரை நன்றாகவே துணை போகிறது. பல்லுக்கும் அது கேடு. பாலை முன்னமே குடித்துவிடுங்கள். இருமல் மருந்துக்கும், வாயில் அடக்கும் மாத்திரைக்கும் இதே விதிதான்.

ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். இன்ஹேலரை எடுத்து, தொண்டை வரை கொப்பளித்துத் துப்பி, அதற்கப்புறம்தான் தட்டு. தட்டோடு இன்ஹேலர் வேண்டவே வேண்டாம்.

காலையில் கழற்றிய உடனே கழுவுங்கள். காபி குடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், உமிழ்நீர் காய்ந்து ஒட்டிப்போய்விடும், அப்புறம் உரச வேண்டியிருக்கும். வாஷ்பேசினில் கொஞ்சம் தண்ணீர் பிடித்தோ, ஒரு துண்டை விரித்தோ அதன் மேலே பிடித்துக் கழுவுங்கள். கை நழுவி விழுந்தால் உடையாது.

தட்டுக்கென்று தனியாக ஒரு மென்மையான பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள். வாசனையில்லாத கை சோப்பு ஒரு துளி, அல்லது பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு துளி போதும். தண்ணீர் குளிர்ந்தோ வெதுவெதுப்பாகவோ இருக்கலாம். வெளிப்பக்கம் சுலபம். பற்கள் உட்காரும் உள்பள்ளங்கள்தான் முக்கியம். ஒவ்வொரு பள்ளத்திலும் பிரஷ்ஷின் நுனியை விட்டுச் சுழற்றுங்கள். ஒரு நிமிடம், அவசரப்படாமல். பிறகு சோப்பு வாசம் போகிற வரை அலசுங்கள்.

அடுத்தது காயவைப்பது. என் அனுபவத்தில் இதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. உதறி, சுத்தமான துணியால் ஒற்றி, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். குளியலறையில் வேண்டாம். அங்கே எப்போதும் ஈரம்தான். வெயிலிலும் வேண்டாம், சூட்டில் தட்டு நெளியலாம். ஆனால் நம் ஊரில் திறந்து வைத்தால் எறும்பு வரும், கரப்பான் வரும். உமிழ்நீர் வாடைக்கு நாய் தூக்கிக்கொண்டு போய்க் கடித்துக் குதறிவிடும். இது நிறைய வீட்டில் நடக்கிற கதை. நான் கண்டுபிடித்த வழி, எவர்சில்வர் டீ வடிகட்டி. ஒரு தட்டில் துணி விரித்து, ஸ்பிளின்ட்டை வைத்து, புதிதாக வாங்கிய பெரிய வடிகட்டியை மேலே கவிழ்த்துவிடுகிறேன். காற்று போகும், பூச்சி போகாது. அலமாரியின் உயரமான தட்டில் வைத்தால் நாய்க்கும் எட்டாது. நன்றாகக் காய்ந்த பிறகு டப்பாவில் போடலாம், அல்லது ராத்திரி வரை அங்கேயே இருக்கட்டும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். சில டாக்டர்கள் தட்டைத் தண்ணீரிலேயே போட்டு வைக்கச் சொல்வார்கள், காய்ந்தால் வடிவம் மாறிவிடும் என்று. பொய்ப்பல்லுக்கு வெகுகாலமாகச் சொல்லிவரும் அறிவுரை அது. உங்களுடைய தட்டுக்கு அப்படிச் சொல்லியிருந்தால் அதன்படியே செய்யுங்கள், பொருளை அறிந்தவர் அவர். ஆனால் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், கிண்ணத்தையும் தினமும் தேய்த்துக் கழுவுங்கள். நேற்றைய தண்ணீரில் இன்றைக்கும் ஊறக் கூடாது. இரண்டுங்கெட்டானாக, ஈரத்தோடு மூடிய டப்பாவில் போடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். அதற்கு எந்த டாக்டரும் ஆதரவு சொல்லமாட்டார்.

டப்பாவையும் வாரம் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். மூடியில் காற்றுத்துளை உள்ள டப்பாவாக வாங்குங்கள். வாடை பிடித்த டப்பாவை எவ்வளவு தேய்த்தாலும் வாடை போகாது, தூக்கிப் போடுங்கள். ஸ்பிளின்ட்டின் விலையோடு ஒப்பிட்டால் டப்பா ஒன்றுமே இல்லை.

வாரத்துக்கு ஒருமுறை

பொய்ப்பல் சுத்தம் செய்யும் மாத்திரை மருந்துக்கடையில் கிடைக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் நுரைத்துக்கொண்டு கரையும். அட்டையில் போட்டிருக்கும் நேரம் மட்டும் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக அலசிய பிறகே வாயில் வைக்க வேண்டும். இந்த மாத்திரைகள் பலவற்றில் பெர்சல்ஃபேட் என்ற உப்பு இருக்கிறது. அது சிலருக்கு ஒவ்வாமை தரும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் எச்சரித்து, லேபிளை மாற்றச் சொன்னது. தட்டு பட்ட இடத்தில் புதிதாக எரிச்சல், தடிப்பு, மூச்சிரைப்பு ஏதாவது வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். மெத்தென்ற வகைக்கும் அச்சிட்ட வகைக்கும் இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளுமா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

போர் தண்ணீர் உள்ள வீடுகளில் தட்டின் மேல் வெள்ளையாக உப்புப் படியும். வாளியின் ஓரத்தில் படிகிறதே, அதேதான். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து இருபது நிமிடம் ஊறவைத்துத் தேய்த்தால் இளகிவிடும். படிந்த உப்பு பரப்பைச் சொரசொரப்பாக்கும், அதில் பூஞ்சை ஏறும். அதனால் இதை அழகுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் கடைசி அலசலுக்குக் குடிக்கிற தண்ணீரை ஒரு டம்ளர் எடுத்துக்கொள்கிறேன், படிவது பாதியாகிவிட்டது.

பிளீச் பற்றிக் கேட்பீர்கள். பொய்ப்பல்லுக்கு அதை மிக நீர்த்த அளவில் பயன்படுத்துவது உண்டுதான். 2011-இல் அமெரிக்கச் செயற்கைப்பல் நிபுணர்கள் வெளியிட்ட வழிகாட்டுதல் 10 நிமிடத்துக்கு மேல் ஊறவைக்கக் கூடாது என்கிறது. கம்பி உள்ள தட்டு என்றால் தொடவே வேண்டாம், அரித்துவிடும். என் கருத்து, உங்கள் டாக்டர் அளவைச் சொல்லி எழுதிக் கொடுக்காமல் பிளீச் பக்கம் போகாதீர்கள். வினிகரோடு பிளீச்சை ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு வரும், நுரையீரலைத் தாக்கும்.

கொதிக்கிற தண்ணீர், மைக்ரோவேவ் இரண்டும் கூடாது. பூஞ்சை செத்தாலும் தட்டு நெளிந்துவிடும். நெளிந்த தட்டு கடியை மாற்றி, எந்தத் தாடை வலிக்காகப் போட்டீர்களோ அதையே கூட்டிவிடும். ஸ்பிரிட்டும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷும் அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல்களை உண்டாக்கும்.

நம் வீட்டு வைத்தியங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்தால் தட்டு மஞ்சளாகும், திரும்பாது. உப்புத் தண்ணீர் வாய் கொப்பளிக்க இதமானது, ஆனால் தட்டில் ஒட்டிய படலத்தை அது பெயர்க்காது. நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு செய்கிறவர்கள் தட்டைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். தட்டில் எண்ணெய் படிந்தால் அழுக்கைப் பிடித்துவைக்கும்.

இது பூஞ்சைதானா?

வாரக் கழுவலின்போது தட்டைச் சன்னல் பக்கம் பிடித்தோ, மொபைல் டார்ச்சைப் பின்னால் வைத்தோ பாருங்கள். தட்டு முழுக்க ஒரே சீராகப் பழுப்பேறியிருந்தால் அது காபி, டீ, குழம்பின் கறை, பழகப் பழக எல்லாத் தட்டிலும் வரும். கீழ் முன்பற்கள் பக்கம் அல்லது கடைவாய்ப் பக்கம் சுண்ணாம்பு மாதிரி கெட்டியாக ஒட்டியிருந்தால் அது பற்காறை. நகத்தால் சுரண்டினால் சரசரக்கும். கத்தியால் சுரண்டாதீர்கள், டாக்டரிடம் கொடுத்தால் எடுத்துத் தருவார். வழவழவென்று வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு படலம் விரலில் வந்தால் அது உயிருள்ள படலம். கேண்டிடாவும் இருக்கலாம், பாக்டீரியாவும் இருக்கலாம், பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். தேய்த்தும் போகாத கரும்புள்ளிகள் விரிசலிலோ அடுக்குகளுக்கு நடுவிலோ இருந்தால், பூசணம் உள்ளே இறங்கிவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் கேண்டிடா பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. தட்டு பளிச்சென்று இருக்கும்போதே வாயில் தொல்லை தொடங்கிவிடலாம். அதனால் வாயையும் பாருங்கள். தட்டு படும் இடத்தில் அதன் விளிம்பை அப்படியே வரைந்ததுபோல் சிவப்பு, தயிர் ஒட்டியதுபோல் வெள்ளைத் திட்டு, அதைத் துடைத்தால் அடியில் சிவந்த புண், உதட்டு ஓரத்தில் வெடிப்பு, நாக்கில் உலோகச் சுவை, காரம் பட்டால் எரிச்சல் ஆகியவை அடையாளங்கள். தட்டு புத்தம்புதிது, முதல் ஓரிரு நாளிலேயே எரிகிறது என்றால் அது பூஞ்சையாக இருக்க வாய்ப்புக் குறைவு. அக்ரிலிக்கில் மிச்சமிருக்கும் ரசாயனமோ ஒவ்வாமையோ காரணமாக இருக்கலாம். கழற்றிவிட்டுச் செய்துகொடுத்தவரைக் கூப்பிடுங்கள்.

வந்துவிட்டால்

பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடுகிற தொற்றுதான். ஆனால் வாய்க்கும் தட்டுக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் பார்க்க வேண்டும். வாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு அதே தட்டைத் திரும்ப மாட்டினால், விரட்டியதை மறுபடியும் வீட்டுக்கு அழைத்து வந்ததுபோல் ஆகும். முதல் தடவை எனக்கு நடந்தது அதுதான். மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய மருந்தில் பத்து நாளில் எரிச்சல் போனது, மூன்று வாரத்தில் திரும்பி வந்தது.

டாக்டர் பெரும்பாலும் நிஸ்டாடின் சொட்டு மருந்தோ, குளோட்ரிமசோல் மவுத் பெயின்ட்டோ, மைக்கோனசோல் ஜெல்லோ எழுதுவார். தட்டைக் கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும். எரிச்சல் நின்றதும் நிறுத்தாமல் அவர் சொன்ன நாள் வரை போடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மைக்கோனசோல் ஜெல் வாயில் தடவுவதுதானே என்று நினைக்கலாம், ஆனால் அதுவும் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி ரத்தக்கசிவில் கொண்டு விடும். ஃப்ளூகோனசோல் மாத்திரைக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. சர்க்கரை நோயாளிகள் நிஸ்டாடின் சொட்டு மருந்தில் சர்க்கரை சேர்ந்திருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள், பலவற்றில் இருக்கும்.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷும் சேர்த்துக் கொடுத்திருந்தால், நிஸ்டாடினோடு ஒரே நேரத்தில் வேண்டாம். இரண்டும் வாயில் சேர்ந்தால் ஒன்றின் வேலையை ஒன்று கெடுத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் இடைவெளி விடுவது என்று டாக்டரிடம் கேளுங்கள். தட்டைக் குளோர்ஹெக்சிடினில் ஊறவைக்கச் சொல்வதும் உண்டு. கிருமியைக் கொல்லும், நாள்பட்டால் பழுப்புக் கறையும் தரும்.

மருந்து போடும் நாட்களில் ஸ்பிளின்ட் போடலாமா? இதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். கூடுமானவரை வாய்க்கு ஓய்வு கொடுப்பது தொற்றுக்கு நல்லது. ஆனால் சிலருக்குத் தட்டு இல்லாமல் ஓர் இரவு போனாலே காலையில் வாய் திறக்க முடியாது. தாடையை ஒரு குறிப்பிட்ட நிலையில் பிடித்துவைக்கச் செய்த தட்டு என்றால் நிறுத்துவதும் சிக்கல். உங்கள் மூட்டின் கதை தெரிந்தவர்தான் இதைச் சொல்ல முடியும். எனக்கு ஆறு இரவு நிறுத்தச் சொன்னார்கள். அந்த ஆறு நாளும் கன்னத்தில் வெந்நீர் ஒத்தடம், தோசை, இட்லி, கஞ்சி என்று ஓட்டினேன்.

கெட்டி அக்ரிலிக்கில் மேலாகக் கீறலும் சொரசொரப்பும் மட்டும் என்றால் டாக்டர் திரும்பப் பாலிஷ் போட்டுத் தருவார். வீட்டில் உப்புத்தாள் வைத்துத் தேய்க்காதீர்கள். புள்ளி உள்ளே இறங்கியிருந்தாலோ, அடுக்குப் பிரிந்திருந்தாலோ, கழுவிக் காயவைத்த பிறகும் வாடை அடித்தாலோ புதிதாகச் செய்வதுதான் வழி. செலவை நினைத்தால் மனம் வராது என்பது எனக்குத் தெரியும். நானும் இரண்டு மாதம் தள்ளிப்போட்டுப் பார்த்தவள்தான். அதற்குள் இன்னொரு முறை தொற்று வந்தது.

திரும்பத் திரும்ப வந்தால்

ஒழுங்காகக் கழுவியும் காயவைத்தும் பூஞ்சை வந்துகொண்டே இருந்தால், கேள்வி தட்டைத் தாண்டி உடம்புக்குப் போக வேண்டும். முதலில் ரத்தச் சர்க்கரை. தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாமல் இருக்கிற பலருக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது வாய்தான். அடுத்து இரும்புச் சத்து, பி12, ஃபோலிக் அமிலம் குறைவா என்று பார்ப்பார்கள். சமீபத்தில் நீண்ட நாள் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டதும், சிகரெட்டும் காரணமாகலாம்.

வாய் உலர்வதுதான் என் விஷயத்தில் முடிச்சாக இருந்தது. தாடை வலிக்கு ராத்திரி சின்ன அளவில் அமிட்ரிப்டிலின் மாத்திரை கொடுத்திருந்தார்கள். பல பேருக்குக் கொடுப்பது, எனக்கும் நன்றாகவே கேட்டது. ஆனால் அது வாயை உலர்த்தும். வலிக்கு மாத்திரை, வலிக்குத் தட்டு, மாத்திரையால் உலர்ந்த வாய், உலர்ந்த வாயில் ஈரத் தட்டு என்று எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது என்பதை டப்பாவை முகர்ந்து பார்த்த அந்தப் பல் டாக்டர் சொல்லித்தான் நான் கோத்துப் பார்த்தேன். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். "வாய் காயுது" என்று எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்ப்பார். அலர்ஜி மாத்திரைகளும் சில பிரஷர் மாத்திரைகளும் வாயை உலர்த்தும். சாப்பிடுகிற எல்லா மருந்தையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் அவர்களுக்கு வேலை சுலபம்.

பூஞ்சை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்

துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண் இரண்டையும் பூஞ்சை மருந்து போட்டுப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே பல் டாக்டரிடம் காட்ட வேண்டும். பாக்கு, குட்கா, புகையிலை பழக்கம் உள்ளவர்களுக்கு இது இரட்டிப்பு அவசரம். இன்னொன்றும் இருக்கிறது. பாக்கு மெல்லுகிறவர்களுக்குக் காரம் பட்டால் வாய் எரிவதும், வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க முடியாமல் போவதும், உள்கன்னம் வெளிறி நார் நாராக இறுகும் நோயின் அடையாளம். எரிச்சலைப் பூஞ்சை என்றும், திறக்க முடியாததைத் தாடை மூட்டு என்றும் நாமே பெயர் வைத்துவிட்டால் வருடங்கள் வீணாகும். அது புற்றுநோய்க்குப் போகக்கூடிய நோய். உங்கள் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாயில் வைத்துப் பாருங்கள். முன்பு போனது இப்போது போகவில்லை என்றால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள், பாக்குப் பழக்கத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலித்தாலோ காய்ச்சல் வந்தாலோ, கீமோ எடுக்கிறவராகவோ உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவராகவோ இருந்தாலோ காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள்.

வெளியூர் போகும்போது

பயணத்தில்தான் ஒழுங்கு கெடும். ரயிலில் காலை ஆறு மணிக்கு வாஷ்பேசின் முன்னால் வரிசையில் நின்றுகொண்டு ஒரு நிமிடம் பிரஷ் போட முடியாது. அப்போது பாட்டில் தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி, துளையுள்ள டப்பாவில் வையுங்கள். இறங்கிய இடத்தில் முதல் வேலையாகக் கழுவிவிடுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரத்தோடு கட்டாதீர்கள். டிஷ்யூ பேப்பரில் சுற்றி மேசை மேல் வைத்தால் குப்பை என்று யாராவது எடுத்துப் போட்டுவிடுவார்கள். காய்ச்சல், சளி என்று படுத்திருந்த நாட்களுக்குப் பிறகும் தட்டை ஒருமுறை மாத்திரையில் ஊறவைத்து எடுங்கள்.

அப்புறம், அடுத்த முறை பல் டாக்டரிடம் போகும்போது தட்டோடு டப்பாவையும் கையில் எடுத்துப் போங்கள். கழுவாமல், இருக்கிறபடியே.